ஆய்வகத்திலிருந்து களத்துக்கு: எதை எண்ணினால் உண்மை தெரியும்?

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கு ஹரியானாவின் கர்னாலில் ஒரு மண்டல மையம் உண்டு. அங்கே பக்‌ஷி ராம் தலைமையிலான குழு உருவாக்கிய கோ 0238 என்ற கரும்பு ரகம் 2009-ல் வெளியானது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரே ரகம் நின்றது. அந்த மாநிலத்தின் கரும்புப் பரப்பு சுமார் 27 லட்சம் ஹெக்டேர். ஆலைகளின் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது அரைத்த கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் பங்கு, 9 சதவீதத்தை ஒட்டியிருந்த நிலை மாறி 11 சதவீதத்தைத் தாண்டியது. நூறு டன் கரும்பை அரைத்தால் கூடுதலாக இரண்டு டன் சர்க்கரை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அளவு புரியும்.

இதே சாதனையை நிறுவனத்தின் வரவுப் புத்தகத்தில் தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. கரும்பு கரணையிலிருந்து வளரும் பயிர். ஒருவர் ஒரு முறை விதைக்கரும்பு வாங்கினால் தன் வயலிலேயே பெருக்கிக்கொள்ளலாம், பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் அந்த உரிமையை விவசாயிக்குத் தெளிவாகவே தருகிறது. ஆக, லட்சக்கணக்கான ஏக்கரில் பரவிய ஒரு தொழில்நுட்பம், ராயல்டி என்ற பத்தியில் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடுகிறது.

அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வு நிறுவனங்கள் தங்கள் கண்டுபிடிப்புகளை மக்களிடம் எவ்வளவு நன்றாகக் கொண்டு சேர்க்கின்றன என்று மதிப்பிடுவதில் உள்ள சிக்கல் இதுதான். எண்ணுவதற்கு எளிதாக இருப்பவை ஒருபக்கம் கிடக்கின்றன. நடந்த மாற்றம் வேறொரு பக்கம் இருக்கிறது. நிதி ஒதுக்கீடும் பதவி உயர்வும் முதல் பக்கத்தைப் பார்த்தே முடிவாகின்றன. நிறுவனங்களும் அந்தப் பக்கத்தையே நிரப்பப் பழகிவிடுகின்றன.

காப்புரிமை, ஒப்பந்தம், ராயல்டி

முதலில் காப்புரிமை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவில் ஆய்வகங்களைக் காப்புரிமை வாங்கச் சொல்லி ஊக்குவிப்பது ஒரு கொள்கையாகவே ஆனது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, இந்திய அரசின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சிஎஸ்ஐஆர் எதிர்த்து வாதாடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்த காலம் அது. நம்முடையதை நாமே பதிவு செய்யாவிட்டால் வேறு யாராவது செய்துவிடுவார்கள் என்ற பயம் உண்மையானது. ஆனால் அதற்குப் பிறகு எண்ணிக்கையே இலக்காகிவிட்டது. சிஎஸ்ஐஆர் தலைமை இயக்குநராக இருந்த கிரிஷ் சாஹ்னி 2016-ல் தன் ஆய்வகங்களுக்கே கடிதம் எழுதினார்: நாம் எடுத்த காப்புரிமைகளில் பெரும்பாலானவை 'பயோடேட்டா' காப்புரிமைகள், சந்தையில் எடுபடுமா என்று பார்க்காமலே பதிவு செய்யப்பட்டவை என்பது அதன் சாரம். ஒரு நிறுவனத்தின் தலைவரே இப்படி எழுத வேண்டியிருந்தது என்றால், எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டதன் விளைவு என்ன என்பது தெளிவு.

அடுத்து ஒப்பந்தங்கள். எத்தனை தொழில்நுட்பங்கள் 'கைமாற்றப்பட்டன' என்று ஆண்டறிக்கைகளில் ஒரு பட்டியல் வரும். ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகளைத் தொழில்துறைக்கு உரிமம் கொடுப்பதற்காகவே 1953-ல் தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது என்பதால், இந்தப் பழக்கம் நம்மிடம் பழையது. ஆனால் அந்தப் பட்டியல் கையெழுத்தான நாளைத்தான் குறிக்கிறது. கையெழுத்துப் போட்ட கம்பெனி இயந்திரம் வாங்கியதா, பொருளை விற்றதா, மூன்று ஆண்டுகளில் கைவிட்டதா என்பது அதில் வராது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தால் நிறையப் புரியும். உரிமம் வாங்குபவர் பொதுவாக இரண்டு விதமாகப் பணம் கட்டுகிறார். கையெழுத்தின்போது ஒரு மொத்தத் தொகை. பிறகு விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ராயல்டி. மொத்தத் தொகை காட்டுவது வாங்கியவரின் நம்பிக்கையை. ராயல்டி காட்டுவது பயன்பாட்டை. ஒரு நிறுவனத்தின் உரிம வருமானத்தில் பெரும்பகுதி முன்பணமாகவே இருந்து, ராயல்டி மெலிந்து கிடந்தால், அங்கிருந்து வெளியேறிய தொழில்நுட்பங்கள் வாங்கியவர் அலமாரியில் தூங்குகின்றன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்த இரண்டையும் ஒரே வரியில் கூட்டி 'தொழில்நுட்பப் பரிமாற்ற வருவாய்' என்று எழுதும்போது உள்ளே இருக்கும் செய்தி அழிந்துபோகிறது.

சரி, ராயல்டியை மட்டும் பார்த்தால் போதுமா? அதுவும் போதாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அனுபவம் இதற்கு நல்ல எச்சரிக்கை. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வைத்திருந்த கோஹன்–போயர் மரபணு ஒட்டுத் தொழில்நுட்பத்தின் காப்புரிமைகள் 1997-ல் காலாவதியாகும் வரை சுமார் 25.5 கோடி டாலர் ஈட்டின. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் உரிமம் பெற்றிருந்தன. யாருக்கும் தனியுரிமை தரப்படவில்லை. 1980-ல் பே–டோல் சட்டம் வந்ததும், அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களே உரிமை கொள்ளலாம் என்று ஆனது. அப்புறம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதுபோல ஒன்று தனக்கும் வாய்க்கும் என்று நம்பி உரிம அலுவலகம் திறந்தது. வாய்த்தது மிகச் சிலருக்குத்தான். பெரும்பாலான அலுவலகங்கள் தங்கள் செலவைத் திரும்ப எடுக்கவே திணறுகின்றன. ஒன்றிரண்டு பெரிய வெற்றிகள் மொத்தத் தொகையைத் தூக்கிவிடும் துறையில் சராசரி என்பது யாருடைய நிலையையும் சொல்லாது.

இந்தியாவும் அந்தச் சட்டத்தைப் பார்த்து 2008-ல் ஒரு மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தது. கடும் விமர்சனம் எழுந்தது. பொதுப் பணத்தில் பிறந்ததைத் தனியார் பூட்டி வைக்க இது வழி செய்யுமே என்பது முக்கியமான வாதம். சில ஆண்டுகள் கிடப்பில் கிடந்து பிறகு திரும்பப் பெறப்பட்டது. அது நிறைவேறாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. வருமானத்தை மையமாக வைத்த ஒரு அளவுகோலை அது சட்டமாகவே ஆக்கியிருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் பாரி போஸ்மன் 2000-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்தக் குழப்பத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. தொழில்நுட்பப் பரிமாற்றம் வெற்றியா என்பதற்கு ஒரே விடை கிடையாது. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பது அவர் வாதம். வாசலைத் தாண்டி வெளியே போனதா என்பது ஒரு கேள்வி. சந்தையில் தாக்கம் இருந்ததா என்பது வேறு. வட்டாரப் பொருளாதாரம் வளர்ந்ததா, அதற்காகச் செலவான நேரத்தில் ஆய்வகம் வேறென்ன செய்திருக்கலாம், பயிற்சி பெற்ற மனிதர்கள் எத்தனை பேர் உருவானார்கள் என்பவையும் தனித்தனிக் கேள்விகள். பொதுநலனுக்கு என்ன கிடைத்தது என்பதை அவர் பின்னாளில் சேர்த்தார். நம் அறிக்கைகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. வாசலைத் தாண்டியதா, தாண்டியது, அவ்வளவுதான்.

அடையாறும் பாலாறும்

இதை ஒரே நிறுவனத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-ல் தொடங்கப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் என்று தமிழ்நாட்டில் தோல் தொழில் பரவியிருக்கும் ஊர்களுக்கும் அந்த ஆய்வகத்துக்கும் உள்ள உறவு எழுபது ஆண்டுகளைத் தாண்டியது. ஒரு ஆய்வகமும் ஒரு தொழிலும் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு காலம் சேர்ந்திருந்த வேறு உதாரணம் இந்தியாவில் சொல்வது கடினம். அதே சமயம் அந்த உறவில் வெற்றியும் தோல்வியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மதிப்பீடு செய்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆரம்ப காலத்தில் இங்கிருந்து ஏற்றுமதியானது பெரும்பாலும் பச்சைத்தோலும், ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட 'ஈஐ' (ஈஸ்ட் இந்தியா) தோலும், பிறகு குரோம் உப்பில் பாதி பதனிட்ட 'வெட் ப்ளூ'வும்தான். மெருகேற்றிச் செருப்பாகவும் பையாகவும் ஆக்கும் வேலையும் அதன் லாபமும் ஐரோப்பாவுக்குப் போயின. முழுமையாக முடித்த தோல் தயாரிக்கும் அறிவு அடையாறில் இருந்தது. 1958 முதல் 1971 வரை இயக்குநராக இருந்த நாயுடம்மா, டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் முதலாளிகளையும் தொழிலாளர்களையும் ஆய்வகத்துக்குள் கூட்டிவந்து பேசுவதை ஒரு வழக்கமாகவே வளர்த்தவர். ஆண்டுதோறும் விஞ்ஞானிகளும் தொழில்துறையினரும் கூடும் சந்திப்பு இன்றும் அங்கே நடக்கிறது. இருந்தும் தொழில் தானாக அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாதித் தயாரிப்பில் நல்ல காசு வரும்போது ஒருவர் ஏன் புது இயந்திரத்தில் முதல் போட வேண்டும்?

திருப்பியது ஒரு அரசுக் கொள்கை. சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973-ல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதி பதனிட்ட தோலுக்கு ஒதுக்கீட்டு வரம்பும் வந்தன. அதுவரை அலமாரியில் இருந்த அறிவுக்குச் சட்டென்று ஆள் தேவைப்பட்டது. அடையாறில் படித்த தோல் தொழில்நுட்பப் பட்டதாரிகள் டேனரிகளுக்குப் போனார்கள், சிலர் சொந்தமாகத் தொடங்கினார்கள். சில பத்தாண்டுகளில் ஆம்பூரிலிருந்து ஷூ ஏற்றுமதியானது. இந்த மாற்றத்தில் ஆய்வகத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பது? 1972-ல் ஒருவர் மதிப்பிட்டிருந்தால் 'அறிவு இருக்கிறது, பயன்பாடு இல்லை' என்று தோல்வி எழுதியிருப்பார். 1985-ல் பார்த்தவர் வெற்றி எழுதியிருப்பார். நடுவில் ஆய்வகத்தின் திறமை மாறிவிடவில்லை. வெளியே விதி மாறியது. கொள்கையின் பங்கையும் ஆய்வகத்தின் பங்கையும் பிரிக்காத மதிப்பீடு இரண்டையுமே தவறாகப் பாராட்டும் அல்லது திட்டும்.

இரண்டாவது கட்டம் கசப்பானது. பாலாற்றுப் படுகையில் கழிவுநீர் நிலத்தடி நீரையும் விளைநிலங்களையும் கெடுத்த கதை இங்கே பலருக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், குரோம் மீட்பு அமைப்புகள், பிறகு கழிவுநீரே வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் தண்ணீரோடு போய்விடும். அதை மீட்கவும், கூடுதலாக ஏற வைக்கவும் அடையாறில் முறைகள் இருந்தன. நீதிமன்றம் கதவை அடைக்கும் வரை அவற்றை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அண்மைக் காலத்தில் அந்த நிறுவனம் தண்ணீரே இல்லாமல் குரோம் ஏற்றும் முறையை உருவாக்கியது. பதனிடலுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு கட்டங்களைத் தவிர்த்து, குரோம் தேவையையும் 15 முதல் 20 சதவீதம் குறைக்கும் முறை அது. கழிவுநீரை ஆவியாக்கும் செலவு கழுத்தை நெரிக்கும் நேரத்தில் வந்ததால் டேனரிகள் தாமாகவே கேட்டு வந்தன.

இனி உப்பு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அறுத்த ஆட்டின் தோல் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பிக்கும். உடனே உப்பைத் தடவி அடுக்கிவிடுவார்கள். தோலின் எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் உப்பு. மலிவு, எங்கும் கிடைக்கும், தடவ எந்தப் பயிற்சியும் வேண்டாம். அப்படியே மண்டிக்குப் போய், அங்கிருந்து டேனரிக்கு வரும். டேனரியில் முதல் வேலை அந்த உப்பை உதறுவது. உதறியும் போகாததைத் தண்ணீரில் ஊறப்போட்டு வெளியேற்றுவது. அந்த ஊறல் தண்ணீர்தான் டேனரிக் கழிவில் உப்புச் சுமைக்குப் பெரிய காரணம். சுத்திகரிப்பு நிலையத்தில் சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சியதை ஆவியாக்கி, கடைசியில் பல உப்புகள் கலந்த ஒரு திடக்கழிவு கிடைக்கும். அதை விற்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துகொண்டே போகிறது.

உப்பைக் குறைத்துப் போரிக் அமிலமோ சிலிக்கா ஜெல்லோ சேர்ப்பது, தாவரச் சாறுகளால் தோலைக் காப்பது, குளிரூட்டி வைப்பது என்று இதற்கு மாற்று முறைகள் ஆய்வில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளும் உண்டு, சோதனை ஓட்டங்களும் நடந்தன. ஆனால் களத்தில் இன்றும் உப்புதான் ஆட்சி செய்கிறது.

இது ஆய்வகத்தின் தோல்வியா? யார் செலவு செய்கிறார், யார் பலன் பெறுகிறார் என்று தடம் பிடித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். தோலைக் காப்பாற்றும் முடிவை எடுப்பவர் கறிக்கடைக்காரரும் சிறு வியாபாரியும். உப்புக்குப் பதில் வேறொன்றைப் போட்டால் செலவு அவருக்கு. அதனால் மிச்சமாகும் ஆவியாக்கும் செலவு டேனரிக்கு. கெடாமல் தப்பும் கிணறு பாலாற்றங்கரை விவசாயிக்கு. மூவரும் மூன்று இடத்தில் இருக்கிறார்கள். மூவரையும் இணைக்கும் விலை எதுவும் இல்லை. உப்பு குறைவாகப் போட்ட தோலுக்கு மண்டியில் கூடுதல் விலை கொடுக்க யாராவது முன்வரும் வரை, இதைவிடச் சிறந்த முறையைக் கண்டுபிடித்தாலும் நிலைமை இப்படித்தான் இருக்கும். 'எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள்' என்ற ஒற்றை எண் இந்த இடத்தில் ஆய்வகத்தின் மீது தவறான தீர்ப்பு சொல்லும். அதே சமயம் ஆய்வகத்துக்கும் ஒரு கேள்வி உண்டு: யார் காசு கொடுப்பார் என்று தெரியாமல் எத்தனை ஆண்டுகள் அதே திசையில் புதுப்புது ரசாயனங்களைத் தேடுவது? பிரச்சினை விலையில் இருக்கும்போது ஆராய்ச்சியும் விலையைப் பற்றி நடக்க வேண்டும். ஒரு பொருளியல் ஆளையும் ஒரு மண்டி வியாபாரியையும் குழுவில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் விரலில் இருக்கிறது. வாக்குச்சாவடியில் வைக்கும் அழியாத மையை டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கி, 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூர் பெயின்ட்ஸ் தயாரித்து வருகிறது. வெள்ளி நைட்ரேட் சேர்ந்த எளிய பொருள். முடிவெடுப்பவர், காசு கொடுப்பவர், பலன் பெறுபவர் எல்லாம் ஒரே இடத்தில், தேர்தல் ஆணையம் என்ற ஒரே வாடிக்கையாளர் உருவில் இருந்தார்கள். அறுபது ஆண்டுகளாக ஓடுகிறது. இரண்டு ஆய்வகங்களில் எது திறமையானது என்று இதை வைத்து ஒப்பிட்டால் அது அபத்தம்.

காகிதத்தோடு ஆளும் போனால்

ஸ்வராஜ் டிராக்டர் கதை தொழில்நுட்பப் பரிமாற்றம் பேசுபவர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. துர்காபூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வகத்தில் 1960-களில் இந்திய நிலத்துக்கென்றே ஒரு டிராக்டர் வடிவமைத்தார்கள். மத்திய அரசு வெளிநாட்டு வடிவமைப்பின் பக்கம் சாய்ந்தது. பஞ்சாப் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் துணிந்து முன்வந்து 1970-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கியது. வரைபடங்களோடு அதை உருவாக்கிய பொறியாளர்கள் சிலரும் சந்திர மோகன் தலைமையில் அங்கே போனார்கள். 1974-ல் ஸ்வராஜ் 724 சந்தைக்கு வந்தது. பிற்பாடு அந்தக் கம்பெனியை மஹிந்திரா வாங்கியது. அந்தப் பெயரில் டிராக்டர்கள் இன்றும் வயலில் ஓடுகின்றன.

ஆய்வகத்தில் ஒன்று வேலை செய்வதும், அதே பொருள் தொழிற்சாலையில் ஆயிரம் முறை ஒரே மாதிரி வருவதும் வேறு வேறு. வார்ப்பில் விழும் குமிழி, நாட்டுச் சந்தையில் கிடைக்கும் எஃகின் தரம், சேற்றில் மாட்டும்போது கியர் படும் பாடு போன்றவை எந்த வரைபடத்திலும் இருக்காது. செய்தவரின் தலையில்தான் இருக்கும். இப்படி இடம் மாறும் ஆட்களை நம் மதிப்பீட்டு முறை பெரும்பாலும் இழப்பாகவே எழுதுகிறது: 'விஞ்ஞானி ராஜினாமா', 'காலியிடம்'. எத்தனை பேர் எந்தத் தொழிலுக்குப் போனார்கள், ஐந்தாண்டு கழித்து என்ன செய்கிறார்கள் என்று ஒரு ஆய்வகம் கணக்கு வைத்திருந்தால், அது காப்புரிமைப் பட்டியலைவிடப் பல மடங்கு பேசும். தரமணியில் 2010-ல் திறந்த சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா இந்தத் திசையில் யோசித்த இடங்களில் ஒன்று. அங்கே இடம் எடுக்கும் கம்பெனிகள் மாணவர்களை வேலைக்கு எடுப்பது, பேராசிரியர்களோடு கூட்டு ஆராய்ச்சி செய்வது போன்றவற்றுக்குப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். வாடகைக்கு வந்தவரா, உறவுக்கு வந்தவரா என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு அது. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் போன்ற கம்பெனிகள் அந்தச் சூழலில் வளர்ந்தவை.

எப்போது பார்ப்பது?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1980-களின் நடுவில் பிறந்த குழந்தைகளிடம், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸில் நோய் வராமலே உடலில் இருந்த ஒரு வகையை எம். கே. பான் குழுவினர் கண்டார்கள். 116இ என்று பெயர். அதிலிருந்து பாரத் பயோடெக் தயாரித்த ரோட்டாவாக் தடுப்பு மருந்து 2015-ல் வெளியானது. 2016-ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. நடுவில் முப்பது ஆண்டுகள். இந்திய அரசு, அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், அறக்கட்டளைகள் என்று பலரும் சேர்ந்து இழுத்த தேர். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இறுதிக்கட்டச் சோதனை நடந்தது. ஐந்தாண்டுத் திட்ட முடிவில் மதிப்பிடும் ஒரு குழு 1990-ல் இதைப் பார்த்திருந்தால் ஒரு வைரஸும் சில கட்டுரைகளும்தான் கண்ணில் பட்டிருக்கும்.

ஆக, சீக்கிரம் பார்த்தால் தவறிப்போகும். அதற்காகக் காலம் தாழ்த்தி ஒரே ஒரு முறை பார்த்தாலும் போதாது என்பதற்குக் கோ 0238-இன் பிற்பகுதியே சாட்சி. ஒரே ரகம் அவ்வளவு பெரிய பரப்பில் நின்றதும் செவ்வழுகல் நோய்க்கு வசதியாகிவிட்டது. நோய்க்கிருமி மாறியது, ரகத்தின் எதிர்ப்பு உடைந்தது, 2020-க்குப் பிறகு தோட்டம் தோட்டமாகக் கரும்பு காய்ந்தது. மாற்று ரகங்களுக்கு மாறச் சொல்லி உத்தரப் பிரதேச அரசும் ஆலைகளும் விவசாயிகளை நெருக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. கட்டுமானம் அதிகம் என்று ஆலைகள் கொண்டாடிய கோசி 671 ரகமும் இதே நோயில்தான் வீழ்ந்தது. அதன் பிறகுதான் கோ 86032 இங்கே இடம் பிடித்தது.

பரவலை வெற்றியின் அளவாக மட்டும் வைத்தால் 80 சதவீதம் என்ற எண் உச்சபட்ச மதிப்பெண் பெறும். உண்மையில் 40 சதவீதத்தைத் தாண்டும்போதே அது ஒரு எச்சரிக்கை மணியாக ஒலித்திருக்க வேண்டும். இதில் இனப்பெருக்க விஞ்ஞானிகளைக் குறை சொல்வது நியாயமாகாது. ஒரே ரகத்தை நம்பாதீர்கள் என்று அவர்கள் தரப்பில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அதிகக் கட்டுமானத்தை விரும்பிய ஆலைகளும், அதிக மகசூலை விரும்பிய விவசாயிகளும் சேர்ந்து எடுத்த முடிவு அது. ஆனால் மதிப்பீடு செய்பவர் பரவலோடு பன்முகத்தையும் ஒரே தாளில் எழுதியிருந்தால், பாராட்டு விழாவுக்குப் பக்கத்தில் அந்தக் கவலையும் மேஜைக்கு வந்திருக்கும்.

அப்படியானால் நடைமுறையில் என்ன செய்யலாம்? பெரிய புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பயன்படுத்துபவரின் இடத்தில் போய்ப் பார்க்கும் சிறிய ஆய்வுகள், ஒப்பந்தமாகி மூன்று, ஏழு, பதினைந்து ஆண்டுகள் கழித்து, வெளியாட்கள் செய்தால் போதும். அங்கே கேட்க வேண்டியவை எளியவை. இது வருவதற்கு முன் என்ன பயன்படுத்தினீர்கள்? இப்போதும் பயன்படுத்துகிறீர்களா? விட்டுவிட்டீர்கள் என்றால் எதனால்? செலவு யாருக்குக் கூடியது? கைவிட்டவர்களின் பதில் இதில் மிக முக்கியம். ஆண்டறிக்கைகளில் அவர்களுக்கு இடமே இல்லை. பொதுநலத்துக்கான தொழில்நுட்பங்களுக்கும் வணிகத்துக்கானவற்றுக்கும் தனித்தனித் தாள் வேண்டும். கரும்பு ரகத்தையும் கம்பெனிக்கு விற்கும் ஒரு வினையூக்கியையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது.

தரவும் ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு காப்புரிமையும் நாட்டில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறதா இல்லையா என்று படிவம் 27-இல் உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். பயன்பாட்டில் இல்லையென்றால் காரணமும் எழுத வேண்டும். பல நாடுகளில் இல்லாத நல்ல ஏற்பாடு இது. முன்பு ஆண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு மூன்று நிதியாண்டுகளுக்கு ஒரு முறை போதும். தொழில்துறைக்குச் சுமை குறைந்தது என்பது சரி. ஆனால் அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வகங்கள் மட்டுமாவது அந்தப் படிவங்களை ஒவ்வோர் ஆண்டும் தொகுத்து, எது ஓடுகிறது, எது நின்றது, ஏன் நின்றது என்று தங்கள் ஆண்டறிக்கையின் பின்னிணைப்பாக வெளியிடலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், கூடுதல் நிதி வேண்டாம். ஒரு இயக்குநரின் உத்தரவு போதும்.